ஒதுங்க வச்சது தொட்டதாகுமா

மக்கர் பண்ணாம இருக்குமா சார்? மெசினுன்னு ஒண்ணு இருந்தா மக்கர்னு ஒண்ணு இருக்கும். ஆனா இந்தப் பெரிய திரை இங்க வந்து ரெண்டு வருசத்துல ஒரே ஒரு தடவதான் காலை வாரிவிட்டுச்சு. அதுவும் என்னால இல்ல, மொதல்லயே சொல்லிப்புடுறேன். வேணும்னா மண்டபத்துல யாரை வேணாலும் கேட்டுக்கங்க. வேணாம், கேக்காதீங்க. ஆளுக்கொரு கதை சொல்லுவாய்ங்க. நான் சொல்றதக் கேளுங்க.

உக்காருங்க சார். மேனேஜர் தர்மரு மாடி ரூம் சாவி தேடப் போயிருக்காரு, இப்ப வரமாட்டாரு. கல்யாணம் பொண்ணுக்கா, பையனுக்கா? பொண்ணுக்கா. சரி சரி. அப்ப தெரிஞ்சுக்கத்தான் வேணும்.

என் பேரு வீரணன். இந்த மண்டபத்துக்கு எலக்ட்ரீசியன். பகல்ல நூல் மில்லு, பொழுது சாஞ்சா பள்ளிக்கூடம்னு இருபத்து மூணு வயசுல பத்தாவது பாஸ் பண்ணேன். அப்புறம் அதே மாதிரி மில்லுக்குப் போய்க்கிட்டே வயர்மேன் பரீட்சையும் எழுதுனேன். எதுக்குச் சொல்றேன்னா, ஒயருன்னா எனக்கு என்னன்னு தெரியும். பரீட்சையில போர்டு கட்டச் சொல்லுவாங்க. பல்பு எரிஞ்சா பாதி மார்க்கு. ஒயரு கோணலா ஓடுனா அந்தப் பாதியும் கிடையாது. நான் அதுல நூத்துக்குத் தொண்ணூத்தாறு.

இந்தத் திரையை ஓட்டுறது ஒரு லேப்டாப்பு. அதுக்குள்ள என்ன இருக்குங்கிறீங்க? பெட்டி. பெட்டி பெட்டியா இருக்கும். ஒரு பெட்டி வீடியோவ எடுக்கும், ஒரு பெட்டி கேமராவ எடுக்கும், ஒரு பெட்டி ரெண்டையும் கலக்கும். ஒரு பெட்டிலருந்து இன்னொரு பெட்டிக்கு ஒயரு இழுக்கணும். நிசமான ஒயரு இல்ல, மௌசால இழுக்கிற ஒயரு. எழுத்தா எழுதுற கம்ப்யூட்டர் வேலைன்னா நமக்கு ஆகாது. இது வயரிங். பாத்த ஒடனே, அட, நம்ம வேலையப்பான்னு நெனச்சேன்.

அத எழுதுனது, கட்டுனதுன்னு சொல்லணும், பெனாசிர்னு ஒரு பிள்ளை. பெரிய காலேஜுல படிச்சிட்டு வந்து ஊர்ல வீடியோ எடுக்குது. கெட்டிக்காரப் பிள்ளைதான், இல்லைங்கல. ஆனா அது கட்டுன வயரிங்கப் பாக்கணுமே! ஒரு பெட்டி மேல கெடக்கும், ஒண்ணு ஓரமாக் கெடக்கும், ஒயரு ஒண்ணு மேல ஒண்ணு குறுக்குமறுக்கா ஓடும். எடியாப்பத்த தட்டுல கவுத்துன மாதிரி. நான் ஒரு நாள் சொன்னேன், "ஏம் தாயி, இதையே ஒரு வீட்டுச் சுவத்துல கட்டிருந்தா அந்த வீட்டுக்காரன் ஒன்னைய உள்ள வச்சுப் பூட்டிருப்பான்"னு. "அண்ணே, ஓடுதுல்ல, விடுங்க"ன்னுச்சு. ஓடுதுல்லங்கிறது ஒரு பதிலா சார்?

அத விடுங்க. விசயத்துக்கு வர்றேன்.

போன தை மாசம் ஒரு காதுகுத்து. பிள்ளை பேரு மகிழினி, மூணு வயசு. அம்மா இந்துராணி. இந்துராணிக்கு ரெண்டு அண்ணன். பெரியவரு சீனிச்சாமி, இங்கதான் தோட்டம் தொரவுன்னு இருக்காரு. சின்னவரு பவுன்ராசு, குவைத்துல கம்பெனில வேலை. ரெண்டு பேரும் பேசி நாலு வருசம் ஆச்சு.

என்ன சண்டைன்னா, பெருசா ஒண்ணுமில்ல. கெணத்து மோட்டாரு. அப்பா செத்ததும் தோட்டத்த ரெண்டாப் பிரிச்சாங்க, கெணறு பொதுன்னு பேசுனாங்க. மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டர் பெட்டி மேக்குச் சுவத்துல அசிங்கமாத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் அதக் கழட்டி கெழக்குச் சுவத்துல தூக்குக்குண்டு வச்சு நேரா மாட்டிக் குடுத்தேன். அம்புட்டு லட்சணமா இருந்துச்சு. கெழக்குப் பக்கம் பவுன்ராசு பாகத்துல வருதாம். தண்ணி பாய்ச்சணும்னா பெரியவரு தம்பி எடத்துல கால வைக்கணும். "கேட்டுட்டு வா"ன்னு இவன் சொல்ல, "ஒன்னையவா கேக்கணும்"னு அவரு சொல்ல, அப்பிடியே முத்திப்போச்சு. மனுசங்க எதுக்குத்தான் சண்டை போடுவாங்கன்னு இல்ல பாருங்க.

இப்ப தாய்மாமன் ரெண்டு பேரு, பிள்ளை ஒண்ணு. தாய்மாமன் மடில ஒக்கார வச்சுத்தான் காது குத்தணும். சீனிச்சாமி, "நான் ஒருத்தன் கல்லுமாதிரி இருக்கேன்ல, ஏம் மடி போதாதா?"ங்கிறாரு. பவுன்ராசு, "நான் வந்தப்புறம் குத்துங்க"ங்கிறான். ஆனா வரமாட்டேங்கிறான். லீவு கிடைச்சாலும் வரமாட்டான், அண்ணன் மூஞ்சில முழிக்கணும்ல. இந்துராணி ரெண்டு தடவ தேதி குறிச்சு ரெண்டு தடவையும் தள்ளி வச்சிருச்சு. மூணாந்தடவ அந்தம்மா வந்து இந்தா, நீங்க ஒக்காந்திருக்கீகளே, இதே சேர்ல ஒக்காந்து சொல்லுச்சு. "ஏம் பிள்ளை ரெண்டு அண்ணன் மடிலயும் ஒக்காரணும். இல்லாட்டி அவ காது குத்தாமலே பெரிய மனுசி ஆகட்டும். ரெண்டு பேரும் இருக்காங்கன்னு அவளுக்குத் தெரியணும்ண்ணே."

பெனாசிர்தான் வழி சொல்லுச்சு. பச்சைத் துணி. பாத்திருப்பீங்க, சினிமாவுல பின்னால பச்சையக் கட்டிட்டு அப்புறம் அங்க மலை, மேகம்னு போடுவாங்கள்ல. அதேதான். வலது காது சீனிச்சாமி மடில, அது எப்பவும் போல. எடது காதுக்கு ஒரு ஸ்டூலு, ஸ்டூலு மேல பச்சைத் துணி, பின்னாடி பச்சைப் படுதா. பிள்ளை ஸ்டூல்ல ஒக்காரும். பவுன்ராசு அங்க ஒரு நாற்காலில ஒக்காந்து, மடில பிள்ளைய வச்சிருக்க மாதிரி கைய வச்சுக்கிட்டு வீடியோ எடுத்து அனுப்பணும். ரெண்டையும் கலந்தா திரையில பிள்ளை மாமன் மடில ஒக்காந்திருக்கும். ஏன் நேராவே போன்ல வரக்கூடாதான்னு கேப்பீங்க. அந்நேரம் அவனுக்கு ஷிப்டு. உள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்க.

அவனும் அனுப்பிட்டான் சார். மூணு நிமிச வீடியோ. புதுச் சட்டை, நெத்தியில குங்குமம். கண்ண மூடிச் சாமி கும்பிட்டுட்டு, அப்புறம் கண்ணத் தொறந்து சிரிச்சு, "அழுவாத சாமி, மாமா புடிச்சிருக்கேன்ல"ங்கிறான். மடில ஒண்ணுமில்ல, வெறும் காத்து. ஆனா அந்தக் காத்தையே ஒரு மாதிரி பதனமாப் புடிச்சிருந்தான்.

மொத நாள் மத்தியானம் ஒத்திகை. எல்லாம் அருமையா ஓடுச்சு, பிள்ளையத் தவிர. மூணு வயசுப் பிள்ளை தனியா ஸ்டூல்ல ஒக்காருமா? வழுக்கி வழுக்கி எறங்குது, அம்மாகிட்ட ஓடுது. பெனாசிர் சீனிச்சாமிகிட்டப் போயி, "அண்ணே, நீங்க ஒரு பச்சைத் துணிய முக்காடு போட்டு முழுசாப் போத்திக்கிட்டு பிள்ளைய மடில வச்சுக்கங்க. திரையில நீங்க தெரியமாட்டீங்க"ன்னுச்சு.

அவ்வளவுதான். மனுசன் எந்திரிச்சுட்டாரு. "நான் தெரியக் கூடாது, அவன் தெரியணும்? குத்துக்கல்லாட்டம் உசுரோட ஒக்காந்திருக்கவன மூடிட்டு, கடலுக்கு அங்கிட்டு இருக்கவன் மடில பிள்ளையா? நல்லா இருக்குத்தா ஒங்க வித்தை!" துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டாரு. இந்துராணி, "நான் ஸ்டூலுக்குப் பின்னால குனிஞ்சு ஒக்காந்து பிள்ளை இடுப்பைப் புடிச்சுக்கிறேன்"னு மட்டும் சொல்லுச்சு. சரி, அதான் ஏற்பாடு.

பெனாசிருக்கு மறுநாள் பெரியகுளத்துல வேற கல்யாணம். "அண்ணே, எல்லாம் ரெடியா இருக்கு. நல்ல நேரத்துல இந்த ஒரு பட்டன அமுக்குங்க, போதும். வேற எதையும் தொடாதீங்க"ன்னு என்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிருச்சு. என்னைய நம்பித்தான சார் ஒப்படைக்குது.

சாயங்காலம் ஒரு ஆறு மணி இருக்கும். டீயக் குடிச்சுட்டு லேப்டாப்பத் தொறந்து பாக்குறேன். மறுநாள் நூத்துக்கணக்கான பேரு வர்ற விசேசம். எவனாச்சும் நம்ம மேசைப் பக்கம் வந்து எட்டிப் பாத்தா என்ன நெனைப்பான்? எடியாப்பம்! எனக்குக் கை சும்மா இருக்கல. தொடல சார். ஒதுங்க வச்சேன். எல்லாப் பெட்டியையும் ஒரு வரிசைக்குக் கொண்டாந்து, ஒயரெல்லாம் குறுக்க ஓடாம நேரா எறங்குற மாதிரி. ஒரு ஒயரக் கழட்டல, ஒரு ஒயரச் சேக்கல. வீட்டப் பெருக்குனா வீட்ட இடிச்சதா அர்த்தமா?

அதுல ஒரு கூத்து பாருங்க. பட்டன்லருந்து ரெண்டு ஒயரு பிரியுது. ஒண்ணு 'ஓபன்'னு ஒரு பெட்டிக்கு, வீடியோவத் தொறக்க. இன்னொண்ணு 'ஸ்டார்ட்'னு ஒரு பெட்டிக்கு, ஓட விட. இந்தப் பிள்ளை 'ஓபன' வலது பக்கமும் 'ஸ்டார்ட்ட' எடது பக்கமும் வச்சிருக்கு! தொறந்துட்டுத்தான ஓட்டணும்? நாம எடமிருந்து வலமாத்தான எழுதுறோம்? நான் அத ரெண்டையும் எடம் மாத்தி வச்சேன். மொதல்ல ஓபன், அப்புறம் ஸ்டார்ட்டு. முடிச்சுட்டு எட்ட நின்னு பாத்தா, அடடா, பியூசெல்லாம் வரிசையா நிக்கிற டி.பி. போர்டு மாதிரி இருந்துச்சு சார். போன்ல ஒரு போட்டோ புடிச்சு எம் பொண்டாட்டிக்குக் கூட அனுப்புனேன். "இது என்ன"ன்னு கேட்டா. அவளுக்கு என்ன தெரியும்.

மறுநாள் காலைல ஒம்பதேகாலுக்கு நல்ல நேரம் ஆரம்பம், பத்தேகாலுக்கு முடியுது. எட்டரைக்கெல்லாம் சனம் வர ஆரம்பிச்சிருச்சு. எதுக்கும் ஒரு தடவ போட்டுப் பாப்போம்னு பட்டன அமுக்குறேன். பவுன்ராசு வந்தான். வந்து, நின்னுட்டான். நவுரல. கண்ண மூடிச் சாமி கும்பிடுறான்ல, அந்த மொத படத்துலயே நிக்கிறான். நெத்தியில குங்குமம், மூடுன கண்ணு.

அதோட விட்டுச்சா? பூ அலங்காரக்காரன் காலைல வந்து திரையச் சுத்தி நாலு பக்கமும் சாமந்தி மாலையத் தொங்க விட்டுட்டான். கீழ குத்துவிளக்கு ஏத்தி வச்சிருக்காங்க, பக்கத்துல ஊதுபத்தி. சொல்லுங்க சார், பாக்கிறவனுக்கு என்ன தோணும்? எனக்கே ஒரு நிமிசம் பக்குன்னுச்சு. வாசல்லருந்து வந்த ஒரு பெரியம்மா திரையப் பாத்துட்டு, செருப்பக் கழட்டி ஓரமா விட்டுட்டு, கையெடுத்துக் கும்பிட்டுட்டு, எங்கிட்ட மெதுவா வந்து, "எப்பப்பா?"ன்னு கேக்குது.

"எப்பவும் இல்ல, படம் நின்னுபோச்சு, போயி டிபன் சாப்பிடுங்க"ன்னேன்.

அதுக்குள்ள இந்துராணி மேடைக்கு வந்திருச்சு. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நிமிந்து பாத்துச்சு. பாத்ததும் அப்பிடியே ஒக்காந்திருச்சு. "என்ன இது, எங்கண்ணனப் போயி இப்பிடி வச்சிருக்கீங்க, எடுங்க எடுங்க"ன்னு கத்துது. திரையை அணைக்கலாம்னா, அணைச்சா திரும்ப வர இருவது நிமிசம் ஆகும். போன எடுத்துக் குவைத்துக்கு அடிக்குது. சுவிச் ஆப். திரும்ப அடிக்குது. சுவிச் ஆப். அவன் ஷிப்டுல இருக்கான், போன் பெட்டில இருக்கும், எல்லாத்துக்கும் தெரியும். ஆனா அந்தக் கண்ணு மூடுன படத்தப் பாத்துக்கிட்டே சுவிச் ஆப்புன்னு கேட்டா ஒரு பொம்பளைக்கு எப்பிடி இருக்கும்? "நேத்துலருந்தே மெசேஜ் வல்லண்ணே"ங்குது. ஒரே அழுகை. கூட நாலு பொம்பளைங்க, என்னன்னு தெரியாமலே சேந்து அழுகுறாங்க. காது குத்த வந்த ஆசாரி ஊசிய எடுத்து திரும்ப டப்பாவுல வச்சுட்டாரு.

நான் பதறல. பதறுனா வயர்மேன் இல்ல. பெனாசிருக்குப் போனப் போட்டேன். அங்கிட்டு நாதஸ்வரம் காதப் பிளக்குது.

"அண்ணே, எதையாச்சும் தொட்டீங்களா?"

"தொடல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் தாயி சொல்றேன். தொடல."

"சரி, பென்டிரைவக் கழட்டி மாட்டுங்க."

கழட்டுனேன், சட்டைத் துணியில தொடச்சேன், ரெண்டு ஊது ஊதுனேன், மாட்டுனேன். நிக்கிறான்.

"அந்த வீடியோவ மட்டும் வெளிய எடுத்து சாதாரண பிளேயர்ல போட்டுப் பாருங்க." போட்டேன். அதுல கண்ணத் தொறந்து ஜம்முன்னு சிரிக்கிறான். "அப்ப வீடியோ நல்லாருக்கு. கேமராவ எடுத்துட்டு அமுக்குங்க." எடுத்துட்டு அமுக்குனேன். நிக்கிறான். "கலக்குறதுலயும் கோளாறு இல்ல. அப்ப பெட்டிலதான் என்னமோ. அண்ணே, நெசமா ஒண்ணும் தொடலல்ல?"

"ஏம்மா, ஒதுங்க வச்சேன், அவ்வளவுதான்."

நாதஸ்வரம் மட்டும் கேக்குது. லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன். "ஒதுங்க வச்சீங்களா?"ன்னு ஒரு கொரலு வந்துச்சு பாருங்க, கெணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரி. அப்புறம் அது ஒரு வெளக்கம் சொல்லுச்சு. அந்தப் புரோகிராம்ல ஒரு பட்டன்லருந்து ரெண்டு ஒயரு போனா, வலது பக்கம் இருக்கதுக்குத்தான் மொதல்ல போவுமாம், அப்புறந்தான் எடது பக்கத்துக்காம். "அதனாலதான் ஓபன வலதுல வச்சேன், நீங்க மாத்தவும் மொதல்ல ஓடச் சொல்லுது, ஓட வீடியோ இல்ல, அப்புறம் வீடியோவத் தொறந்து மொத படத்துல நிறுத்திருது"ங்குது.

நான் கேக்குறேன் சார், நீங்களே நாயம் சொல்லுங்க. சுவிச்ச சுவத்துல வலது பக்கம் மாட்டுனாலும் எடது பக்கம் மாட்டுனாலும் பல்பு எரியுமா எரியாதா? கரண்டு என்ன, இவரு வலது பக்கம் இருக்காரு, பெரியவரு, இவருக்கு மொதல்ல பந்தி போடுவோம்னா பாக்குது? சின்னப் பிள்ளை, என்னமோ சொல்லுதுன்னு விட்டுட்டேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சு என்ன கோளாறுன்னு. எர்த்து. தை மாசம், மழை இல்ல, எர்த்துக் குழி காஞ்சு கெடக்கு. திரை மாதிரி பெரிய சாமானுக்கு எர்த்து சரியா இல்லாட்டி படம் இழுக்காது.

மணி ஒம்பது நாப்பது. நான் ரெண்டு கொடம் தண்ணியத் தூக்கிக்கிட்டு பின்பக்கம் எர்த்துக் குழிக்குப் போறேன். அங்க சீனிச்சாமி நிக்கிறாரு. சுவத்தப் பாத்துக்கிட்டு போன்ல பேசுறாரு.

"அப்பாஸ் பாய்... சீனிச்சாமி பேசுறேன்... ஆமா, வத்தலக்குண்டு... இல்ல, இந்த மாசம் ஒண்ணாந்தேதி பேசுனேன்ல, இது வேற. அவன் எங்க இருக்கான்? காலைல பாத்தீகளா? நீங்க கண்ணால பாத்தீகளா?"

பேசுறத நிறுத்திட்டுக் கேக்குறாரு. எனக்குக் கொடம் கனக்குது, குழிக்கு முன்னால நிக்கிறாரு, நவுரச் சொல்லவும் முடியல.

"ரெண்டு தோசையா? ரெண்டுதான் தின்னானா? சரி... சரி பாய். இல்ல, சொல்ல வேணாம். எப்பவும் போலத்தான், நான் கேட்டேன்னு சொல்லாதீக."

போன வச்சுட்டுத் திரும்புனா நான் நிக்கிறேன், எனக்குப் பின்னால இந்துராணி நிக்குது. அண்ணனத் தேடி வந்திருக்கு போல. "யாருண்ணே அது?"ன்னுச்சு. "அவன் தங்கியிருக்க கேம்ப்ல சமைக்கிறவரு. திருமங்கலத்துக்காரரு"ன்னாரு. "ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" அவரு துண்டால மூஞ்சியத் தொடைக்கிறாரு. "எத்தனை நாளா?"ன்னுச்சு. "அவன் போன நாள்லருந்து. திங்கிறானா தூங்குறானான்னு ஒருத்தருக்குத் தெரியணும்ல? உசுரோடதான் இருக்கான், ரெண்டு தோசை தின்னுட்டுப் போயிருக்கான், போய் மூஞ்சியக் கழுவு"ன்னாரு.

நான், "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நிக்கிறீகளா, எர்த்துக்கு ஊத்தணும்"னேன். தள்ளி நின்னாங்க. ஊத்துனேன். ரெண்டு கொடமும் மடமடன்னு குடிச்சுச்சு சார் அந்தக் குழி. அம்புட்டுத் தாகம்.

திரும்பி வந்தா பெனாசிரு பழைய படத்த எனக்கு அனுப்பிருக்கு, எந்தப் பெட்டி எங்க இருந்துச்சுன்னு. "அண்ணே, கால்ல வேணாலும் விழுறேன், அதே மாதிரி வச்சுருங்க"ன்னு மெசேஜ். அந்தப் பிள்ளை மனசக் கெடுப்பானேன்னு, ஓபன வலதுக்கும் ஸ்டார்ட்ட எடதுக்கும் மாத்தி வச்சேன். பாக்க சகிக்கல. பட்டன அமுக்குனேன். பவுன்ராசு கண்ணத் தொறந்து சிரிச்சுட்டான். பாத்தீங்களா? எர்த்து தண்ணியக் குடிச்சு அஞ்சு நிமிசத்துல!

பெனாசிருக்குப் போன் பண்ணி, "ஓடுது தாயி, எர்த்துக் கோளாறு"ன்னேன். அது ஒண்ணும் சொல்லல. சந்தோசத்துல பேச்சு வல்ல போல.

மணி ஒம்பதே முக்கால் தாண்டிருச்சு. வலது காத சீனிச்சாமி மடில வச்சுக் குத்தியாச்சு. பிள்ளை வீல்னு ஒரு கத்து. இனிமே அத ஸ்டூல்ல ஒக்கார வைக்க முடியுமா? கால ஒதறுது, ஆசாரியப் பாத்தாலே அலறுது. இந்துராணி ஸ்டூலுக்குப் பின்னால குனியப் போச்சு. சீனிச்சாமி, "நீ தள்ளு"ன்னாரு. ஸ்டூல்ல அவரு ஒக்காந்தாரு. "அந்தத் துணிய எடுத்து ஏம் மேல போடுங்கடா."

யாரும் நவுரல.

"என்ன பாக்குறீங்க? நல்ல நேரம் போவுது. போடுங்க."

தலைலருந்து கால் வரைக்கும் பச்சைத் துணியப் போட்டு மூடுனாங்க. பிள்ளைய மடில வச்சாங்க. நான் பட்டன அமுக்குனேன். திரையில சீனிச்சாமி இல்ல சார். அழிச்சுவிட்ட மாதிரி. பவுன்ராசு ஒக்காந்திருக்கான், அவன் மடில மகிழினி. அளவு வச்ச மாதிரி பொருந்துது. அவன் காத்தைப் புடிச்சிருந்த எடத்துல பிள்ளை இடுப்பு. டிபன் பந்திலருந்து எச்சிக் கையோட ஓடியாந்து நிக்கிறாய்ங்க.

ஆசாரி குத்துனாரு. பிள்ளை வெடிச்சு அழுகுது. திரையில பவுன்ராசு, "அழுவாத சாமி, மாமா புடிச்சிருக்கேன்ல"ங்கிறான். சரியா அந்த நேரத்துக்கு. நான் ஓட்டுனது அப்பிடி, ஒரு செகண்டு முன்னபின்ன இல்ல.

அப்பத்தான் கெடுத்தாரு மனுசன். பச்சைத் துணிக்கு உள்ளருந்து ஒரு கை வெளிய வருது. கை மட்டும். காப்புக் காச்சுப்போன கருத்த கையி. பிள்ளை கண்ணத் தொடைக்குது. திரையில பாத்தா எங்கருந்தோ ஒரு கை மொளைச்சு வருது சார்! பவுன்ராசுக்கு ஏற்கெனவே ரெண்டு கை இருக்கு, இது மூணாவது. நான் மேசை மேல ஏறி நின்னு, "கைய உள்ள இழுங்க அண்ணாச்சி, கை தெரியுது, கை தெரியுது"ன்னு கத்துறேன். ஒருத்தன் காதுல ஏறல. அவரு பாட்டுக்கு தொடைச்சுக்கிட்டே இருக்காரு. திரையில தம்பி சிரிக்கிறான், அவன் மடில இருக்க பிள்ளை கண்ண அந்தக் கை தொடைக்குது. பிள்ளை அந்தக் கையப் புடிச்சு வெரல வாயில வச்சுக்கிருச்சு. இந்துராணி வாயப் பொத்திக்கிட்டு நிக்குது. அந்தக் கும்பிட்ட பெரியம்மா இப்ப நெசமாவே அழுகுது. மொத்த மண்டபமும் அழுகுது. ஏன் அழுகமாட்டாங்க? அம்புட்டு அருமையா வந்த மிக்ஸிங்கு, கடைசி நிமிசத்துல ஒரு கையால கெட்டுப்போச்சே, எனக்கே வயிறு எரிஞ்சுச்சு.

அப்புறம் என்ன, அந்த வீடியோவப் பவுன்ராசுக்கு அனுப்பிருக்காங்க. ஷிப்டு முடிஞ்சு பாத்துட்டு நேரா அண்ணனுக்கே போனப் போட்டுட்டானாம். சித்திரைக்கு வர்றான்னு கேள்வி. கெணத்து ஸ்டார்ட்டர இனி எங்க மாட்டுறதுன்னு என்னைய ஒரு வார்த்தை கேப்பாங்கன்னு பாத்தேன், இதுவரைக்கும் கேக்கல. பெனாசிரு மறுநாளே வந்து லேப்டாப்புக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டுச்சு. கண்டவன் வந்து தொட்டுட்டா வீரணண்ணன் மேலல்ல பழி வருமுன்னு அதுக்கு என் மேல அக்கறை. நானும் இப்ப விசேசத்தன்னைக்குக் காலைல எர்த்துக்கு ரெண்டு கொடம் ஊத்தாம விடுறதில்ல. அன்னைலருந்து ஒரு கோளாறு வந்திருக்கா? கேட்டுப் பாருங்க.

ஆனா மனசுல ஒரு குறை இருக்கு சார். போன வாரம் மோட்டார் ரிப்பேருன்னு இந்துராணி வீட்டுக்குப் போனேன். வாசப்படிக்கு நேரா, பெருசாப் போட்டோ மாட்டிருக்காங்க. எதைங்கிறீங்க? நல்லா வந்த எடத்தையா? இல்ல. அந்தக் கை வந்துச்சுல்ல, அத. தம்பி மொகம், பிள்ளை, அந்தக் காப்புக் காச்ச கை. எனக்குக் கஷ்டமாப்போச்சு. நம்ம வேலையில உள்ள குத்தத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிருக்காங்களே. "அம்மா, பெனாசிர்கிட்டச் சொன்னா அந்தக் கைய மட்டும் அழிச்சு, சுத்தமா ஒண்ணு போட்டுத் தரும். ஒரு நாள் வேலைதான், செலவு நம்மளோடது"ன்னேன்.

அந்தம்மா என்னைய ஒரு பார்வை பாத்துச்சு சார். என்ன பார்வைன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும்...

"வீரணா! ஏய் வீரணா! சமையக்கட்டுல கிரைண்டர் நின்னுபோச்சு, மாவு பாதில கெடக்கு, வாய்யா!"

இந்தா, தர்மரு கூப்பிடுறாரு. சாவி கெடச்சிருச்சு போல, ஒங்களையும் மாடிக்குக் கூப்பிடுவாரு. வந்துட்டேன்! வர்றேன் சார், இருங்க.